கரும்புத் தொட்டிலுக்கு வராத மூன்று

எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, என்னிடம் படித்து டாக்டரான பெண் ஒருத்தி திருவண்ணாமலையில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனை தொடங்கினாள். "மிச்சக் கருவ என்ன பண்றதுனு கேட்டாலே அழறாங்க சார். நீங்க பொறுமையா எடுத்துச் சொல்லுங்க" என்று என்னை உட்காரவைத்தாள். பொறுமைக்கு நான் எங்கே போவேன்? ஒவ்வொரு தம்பதி போன பிறகும், எதையோ சொல்லாமல் விட்டோமோ என்று வேங்கிக்காலில் இருக்கும் என் வீடு வரைக்கும் மனம் அரித்துக்கொண்டே வரும்.

செங்கம் பக்கத்துக் கிராமத்துத் தம்பதி ஒன்று. எங்களிடம் சிகிச்சை பெற்று அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையின்போது உடலுக்கு வெளியே உருவாக்கி உறையவைத்த கருக்கள் மிச்சமிருந்தன. வாடகைத்தாய் வைக்க அவர்களுக்கு வசதியில்லை.

"மூணு இருக்கும்மா" என்று ஆரம்பித்தேன்.

"எண்ணாதீங்க சார்" என்றாள் சட்டென்று. "புள்ளைங்கள எண்ணக்கூடாது."

வழிகளைச் சொன்னேன். இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம், பிள்ளையில்லாத வேறொரு தம்பதிக்குத் தரலாம், அல்லது விட்டுவிடலாம்.

"விட்டுடறதுன்னா?"

"குளிர்ல இருந்து வெளிய எடுத்துடுவாங்கம்மா. அதோட முடிஞ்சிடும்."

வேறொரு தம்பதிக்குக் கொடுத்துவிடத்தான் கணவனுக்கு ஆசை. "நாம பட்டத இன்னொருத்தர் படவேணாமே. யாரு வீட்லயாவது வளரட்டும்."

"எந்த ஊருக்குப் போவும் சார்?" என்றாள் அவள்.

"சொல்லமாட்டாங்கம்மா. அவங்களுக்கும் உங்கள யாருனு தெரியாது."

"இதே ஊராவும் இருக்கலாம், இல்ல?"

இருக்கலாம் என்றேன்.

பிள்ளை வேண்டி அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்டவர்கள், பிறந்ததும் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையைப் போட்டு மாடவீதி சுற்றிச் சுமந்து வருவார்கள். இவர்களும் நேர்ந்திருந்தார்கள், இன்னும் செலுத்தவில்லை.

"தீபத்துக்கு எத்தன தொட்டில் வருது! ஒவ்வொண்ணயும் எட்டிப் பாப்பேன் சார். எம் மூஞ்சி இருக்குதா, இவரு மூக்கு இருக்குதானு. காலம்பூரா என்னால அப்பிடிப் பாத்துட்டு இருக்க முடியாது."

"இப்ப மட்டும் என்னவாம்? பஸ்ல எவ புள்ளையா இருந்தாலும் கன்னத்த கிள்ளாம எறங்கமாட்டா சார் இவ" என்றான் கணவன். சொன்ன அவனே சிரிக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது, விட்டுவிடச் சொல்லி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எழுந்தவள் கதவருகே நின்றாள்.

"ஒண்ணா எடுப்பாங்களா சார், தனித்தனியாவா?"

"ஒண்ணாத்தாம்மா" என்றேன். எனக்குத் தெரியாது. அவர்கள் படியிறங்கியதும் டாக்டரிடம் ஓடினேன், அப்படியே செய்யச் சொல்லி.

அந்தக் கார்த்திகையில் மாடவீதி ஓரமாக நின்று, வழக்கம்போலத் தொட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தார்கள். முன்னால் அவன், பின்னால் அவள், தோளில் கரும்பு, நடுவே மஞ்சள் சேலைக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நேர்த்திக்கடனை முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். குழந்தை அவன் இடுப்பில். அடுத்த தொட்டில் வந்ததும் அவள் குதிகாலை உயர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இருக்காதுனு தெரியும் சார்."

எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிற்று. இன்னொரு தொட்டில் நெருங்கியது. கணவன் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அவள் முன்னால் போக வழிவிட்டான்.