அப்பாவின் பெயர் இல்லாத இசைத்தட்டு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், திவசத்துக்கு வந்திருக்கும் சுற்றத்தாருக்கும் நண்பர்களுக்குமாக அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி தம்பிமார் என்னைக் கேட்டார்கள். மூத்த மகள் என்பதால் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிறவள் என்பதாலும் கேட்டார்கள். இப்படியான நினைவு நூல்களில் இறந்தவர்கள் எல்லோரும் கோபமே அறியாதவர்களாக இருப்பார்கள். அப்பாவுக்குக் கோபம் வரும். சோம்பலும் உண்டு. மீன்குழம்பில் உப்புக் கூடினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா இந்த நூலைக் கையாலும் தொடமாட்டார்.

அப்பா வாகரையில் பிறந்தவர். கடலையும் ஒரு துண்டு வயலையும் நம்பிப் பிழைத்த குடும்பம். மீசை கறுத்த வயதில், வலை இழுக்க மனமில்லாமல் மட்டக்களப்புக்கு வந்து, புளியந்தீவில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் ஒருவரின் தச்சுப்பட்டறையில் சேர்ந்தார். அந்தப் பட்டறையில் பகலில் அலுமாரியும் கட்டிலும் செய்தார்கள், வேலை முடிந்ததும் பிடில் வாசித்தார்கள். முதலாளியின் மகன் வின்சி மாமாதான் அப்பாவுக்கு வில் பிடிக்கக் காட்டிக் கொடுத்தவர். அப்பா சுரம் எழுதிப் படித்தவரல்லர். காது கேட்டதைக் கை செய்தது, அவ்வளவுதான்.

பறங்கியர் கலியாண வீடுகளில் கப்றிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசிக்கும் பாண்ட் ஒன்றை வின்சி மாமா வைத்திருந்தார். அப்பா இரவல் கோட்டும் இரவல் சப்பாத்தும் போட்டு அதில் போய் இருந்தார். சப்பாத்து இறுக்கமென்று கதிரைக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசிப்பார். ஒருமுறை யாரோ அதைத் தன்னுடையதென்று மாட்டிக்கொண்டு போய்விட, அப்பா கோட்டோடும் வெறுங்காலோடும் கல்லடிப் பாலத்தால் நடந்து வந்திருக்கிறார். அந்தக் கோலத்தில்தான் அம்மா அவரை முதன்முதலில் கண்டது. “கோட்டுப் போட்ட மனுசனுக்குக் கால்ல ஒண்டுமில்ல, ஆருகா இந்தப் பைத்தியம் எண்டு கேட்டன்” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளைக்குத் தச்சுத் தொழில் என்றே சொன்னார்கள். அது பொய்யல்ல. எங்கள் பகுதி வழமைப்படி அப்பா கல்லடியில் அம்மாவின் வீட்டுக்குக் குடிவந்தபோது பெட்டியோடு வந்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பெட்டியைத் திறந்து உள்ளே பிடிலைப் பார்த்துவிட்டு, “உளி இரிக்கும் எண்டு பாத்தன்” என்றாராம். மாமா இப்போதும் அதிகம் பேசுகிறவரல்லர்.

நான் பிறந்த பிறகு அப்பா நாடகக் கொம்பனி ஒன்றில் சேர்ந்தார். வயல் வெட்டி முடிந்ததும் ஊர் ஊராகக் கொட்டகை போடுவார்கள், மாரி தொடங்கினால் அப்பா பட்டறைக்குத் திரும்புவார். ஒவ்வொரு நாடகத்துக்கும் நோட்டீஸ் அடிப்பார்கள். ராஜபார்ட்டின் பெயர் வரும், பெண்வேடக்காரரின் பெயர் வரும், பபூனின் பெயர் கொட்டை எழுத்தில் வரும். காஸ்லைட் தந்தவரின் பெயரும் வரும். அப்பாவுக்கு ‘பக்கவாத்தியங்களுடன்’ என்ற ஒரு சொல்தான். “வெளிச்சத்துக்குப் பேர் இரிக்கி, பிடிலுக்கு இல்ல” என்பார். என்றாலும் நோட்டீஸ் கைக்கு வந்தால் அடிவரிவரை தேடிப் பார்ப்பார். தன் பெயரை ஒருதரமாவது நாலுபேர் கேட்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதைப் பெரிய ஆசை என்றுதான் சொல்வேன். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

காத்தான்குடி லெவ்வை முதலாளி தமது புடவைக் கடையில் கிராமபோன் வைத்திருந்தார். பாட்டுக் கேட்கிற சாட்டில் சனம் உள்ளே வரும், வந்தவர்கள் ஒரு சாறனாவது வாங்காமல் போகமாட்டார்கள். இசைத்தட்டுக் கொம்பனியின் தமிழ்க் கிளாக்கர் ஒருவர் கொழும்பிலிருந்து அங்கே வந்து, மட்டக்களப்புத் தாலாட்டு ஒன்று வேண்டும், பெண்குரல் வேண்டும் என்றார். என்னைத் தொட்டிலில் ஆட்டியபோது அம்மா பாடிய பாட்டுக்கு அப்பா பிடிலில் ஒரு மெட்டு வைத்திருந்தார். முதலாளி அதை அறிவார். அவரே எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

மாமா ஒப்பவில்லை. “கலியாணம் முடிச்ச பொம்புள தட்டில பாடுறதா?”

“தட்டில முகம் தெரியாதுதானே மச்சான்” என்றார் அப்பா.

இருவரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள். போன இடத்தில், தட்டின் நடுவில் ஒட்டும் தாளில் பாடுபவர் பெயர் மட்டுமே அச்சாகும் என்று கிளாக்கர் சொன்னார். அப்பாவின் முகம் வாடியதைக் கண்டாரோ என்னவோ, பாட்டு முடிந்ததும் கொஞ்ச இடம் மிஞ்சும், பிடில் வாசித்தவர் இன்னார் என்று அம்மா அதில் வாயால் சொல்லலாம், பல தட்டுகளில் அப்படி இருக்கிறது என்றார். அப்பாவுக்கு அது போதும். அம்மாவுக்குத்தான் சீவன் போனது.

கணவன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று நம்பிய வீட்டில் வளர்ந்தவர் அம்மா. அப்பாவின் பெயர் சாமியின் பெயர். கோயிலில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போதுகூட அம்மா ‘நம்மட சாமி’ என்று மாற்றிச் சொல்லுவார். வீட்டில் அப்பாவைக் கூப்பிடுவது ‘இஞ்சருங்க’ என்றுதான். அப்பா கிணற்றடியில் நின்றாலும் தெருவில் நின்றாலும் அதே ‘இஞ்சருங்க’தான். அண்டை வீட்டு ஆண்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜன்னல்களை அடைத்துக் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறையில், பதிவுக் கருவியோடு இருந்த வெள்ளைக்காரர் முன்னால் இருவரையும் நிறுத்தினார்கள். சிவப்பு பல்ப் எரிந்தது, அம்மா பாடினார். நன்றாகப் பாடினார் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார், அவர் இலேசில் சொல்லமாட்டார். பாட்டு முடிந்தது. அப்பா வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். பல்ப் அணைந்தது.

“பாட்டுப் பதியிற மெழுகுத்தட்டு வீணாப் போச்சு. துரை இன்னொன்றுதான் தருவார்” என்று கிளாக்கர் வந்து சொன்னார்.

இரண்டாம் முறையும் பாட்டு முடிந்தது. இம்முறை அம்மா ஒரே மூச்சில், கணீரென்று சொன்னார்:

“பிடில் வாசிச்சது புள்ளையிட அப்பா!”

வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போனார். கிளாக்கர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

திரும்பி வரும்போது வாழைச்சேனை வரும்வரை அப்பா ஜன்னல்பக்கமே திரும்பி இருந்தார். அம்மாதான் அழத் தொடங்கினார். “உங்களுக்கு ஒண்டு நடந்தா மறுகா நான் ஆரக் கூப்பிடுற?” என்று கேட்டார். அப்பா, “சரி புள்ள, அழாத. தேத்தண்ணி குடிப்பம்” என்றார். இதில் ஒரு தகராறு உண்டு. தேநீர் வாங்கித் தந்ததாக அப்பா சொல்வார், தரவேயில்லை என்பார் அம்மா.

தட்டு வந்தது. லெவ்வை முதலாளி அதைக் காலையிலிருந்து கடை பூட்டும்வரை போட்டார். துணி வாங்க வந்த சனம் பாட்டை விட்டுவிட்டுக் கடைசி வரிக்காகக் காத்து நின்றது. அதோடு அப்பாவின் பெயர் போயிற்று. காத்தான்குடியில் ‘புள்ளையிட வாப்பா’, மற்ற இடமெல்லாம் ‘புள்ளையிட அப்பா’. கலியாண வீடுகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லியே அழைப்பு வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டு போனார். ஆனால் அவருக்கு அது வலித்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நோட்டீஸ்களைப் பார்ப்பதை அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

உலக யுத்தம் வந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, நாடகக் கொம்பனி கலைந்தது. வின்சி மாமா கொழும்புக்குப் போய்விட்டார். அப்பா கட்டிலும் மேசையும் செய்து எங்களைப் படிப்பித்தார். மாலையில் வாவிக் கரையில் இருந்து பிடில் வாசிப்பார். யாராவது வந்து கேட்டால் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைப்பார். தம்பிமாரில் ஒருவருக்கும் பிடில் வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இனி நன்றி. அப்பாவின் கடைசி நாட்களில் வாகரையிலிருந்து தேன் கொண்டுவந்த உறவினர்களுக்கும், காய்ச்சல் நேரம் மாறி மாறிக் கண்விழித்த அயலவர்களுக்கும், கடையைப் பூட்டிவிட்டு எங்கள் முற்றத்தில் வந்து நின்ற லெவ்வை முதலாளிக்கும், கொழும்பிலிருந்து வந்து சவப்பெட்டியைத் தானே செய்த வின்சி மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தார் கடமைப்பட்டிருக்கிறோம். ஊருக்குப் புதிதாக வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அவர் செய்தது என்னவென்று பலருக்குத் தெரியாது.

அந்தக் கடைசி நாள் மத்தியானம் அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. அம்மா ‘இஞ்சருங்க, இஞ்சருங்க’ என்று கூப்பிட்டுக் களைத்துப் போனார். “சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, சில நேரம் அது காதுக்குள்ள போகும்” என்றார் அப்போதிக்கரி ஐயா. வாகரை உறவினர்கள் முதல்நாளே திரும்பிவிட்டார்கள், மாமா வயல்வட்டையில் வெள்ளாமை பார்க்கப் போயிருந்தார். லெவ்வை முதலாளியைப் பார்த்தோம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, “புள்ளையிட வாப்பா எண்டே கூப்பிட்டுப் பழகிட்டன், பேர் வாயில வருகுதில்லியே அல்லாஹ்” என்று அழுதார். நான் அப்போதிக்கரி ஐயாவுக்குப் பெயரைச் சொன்னேன். ஆனால் பெற்ற தகப்பனை அவர் காதில் பெயர் சொல்லிக் கூப்பிட எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? ஐயாவே கூப்பிட்டுப் பார்த்தார். அப்பா அசையவில்லை.

“தெரிஞ்ச குரல் வேணும்” என்றார்.

அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார். அப்பாவின் காதருகே குனிந்து அந்தப் பெயரைச் சொன்னார். முதலில் மூச்சாகத்தான் வந்தது. பிறகு சத்தமாகச் சொன்னார். முற்றத்தில் நின்றவர்கள், வேலிக்கு வெளியே நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

பெயரைச் சொன்னதால்தான் அவர் போனார் என்று பிறகு பேசிய உறவினர்களுக்கும் இந்த நூல் வந்து சேரும். அவர்கள் இதையும் வாசிக்கட்டும். அப்பா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “நான்தான்.”

அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. அம்மா அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். எங்களில் ஒருவரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.