டவுன் விரதம்

எங்கள் அத்தை மாதத்துக்கு ஒருமுறை ஒரு விரதம் இருந்தார். அமாவாசை, பௌர்ணமி, வெள்ளி, செவ்வாய் என்று எந்தக் கணக்கிலும் அது அடங்காது. சம்பளம் போட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களெல்லாம் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குகிற நாள்தான் விரத நாள். சாப்பாட்டுக்குத் தடை கிடையாது; ரொட்டியும் சம்பலும் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீரும் டீயும்தான் ஆகாது. காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும்வரை ஒரு மிடறு உள்ளே இறங்காது.

அத்தை மட்டுமல்ல, அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும்கூட அதை இருந்தார்கள். வருஷம் பூராவும் தேயிலைக்குள் நிற்கிறவர்கள் ஒரு நாள் டீயைத் தொடாமல் இருப்பதென்றால் அது சாதாரண விரதமாக இருக்க முடியாது என்று நினைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆண்கள் மட்டும் இந்த விரதத்தைக் கண்டுகொள்வதே இல்லை. அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரில் இருக்கும், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவரின் கடையில் ஒரு பால் டீ அடித்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார். ஆண்களுக்குப் பக்தி போதாது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அத்தை அப்பாவின் அக்கா. எங்களோடு அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தார். வாய்க்குப் பூட்டுப் போடாத மனுஷி. ஆனால் விரதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று முடித்துவிடுவார். விரதம் முடிந்த இரண்டொரு நாளில் அவருக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவார். அம்மா பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார். தோட்டத்து மருந்துக்காரர், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்; அத்தையும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார். அந்த வருஷம் ஒருமுறை குளிர்காய்ச்சல் கண்டு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து சேலைன் ஏற்றினார்கள். அப்பா வாசலில் நின்று அழுததை அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பட்டும் அடுத்த மாதம் அத்தை விரதத்தைக் கைவிடவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டவுனுக்கு ஒரு பூங்கா வரப்போகிறது என்று பேச்சு வந்தது. பெரிய டவுன் ஒன்றும் இல்லை. ஹட்டனுக்குப் போகிற ரோட்டில் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு கடைகள், ஒரு பஸ் ஸ்டாண்ட், அதற்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு வெறும் நிலம். அந்த நிலத்தில் பழுதான லொறிகளும் வயசான மாடுகளும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அதைத் துப்புரவாக்கிப் பூங்கா போடப்போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எங்களுக்குத் தாள் கொடுத்து, எப்படிப்பட்ட பூங்கா வேண்டும் என்று வரையச் சொன்னார். நான் ஒரு ஊஞ்சல் வரைந்தேன். அதில் நானே உட்கார்ந்திருந்தேன். கால் இரண்டும் மேகத்துக்கு மேலே இருந்தன.

படம் வரைந்ததோடு என் ஆசை அடங்கவில்லை. விரதம் இருந்தால் நினைத்தது நடக்கும் என்று கோயிலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே அந்த மாதம் டவுனுக்கு இறங்கிய ஞாயிறன்று, ஊஞ்சலை மனதில் வைத்து நானும் டவுன் விரதத்தைத் தொடங்கினேன். காலை டீயை யாருக்கும் தெரியாமல் கோழிக்கூட்டுப் பக்கம் ஊற்றினேன். டவுனில் அப்பா சோடா வாங்கி நீட்டியபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"சோடாவ வேணாங்கிறியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நானும் ஒங்க மாதிரிதான் அத்தை. வீட்டுக்குப் போய்தான் தண்ணி குடிப்பேன்" என்றேன் பெருமையாக.

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அத்தையின் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தலை வலித்தது. அத்தை என்னை மடியில் சாய்த்துக்கொண்டு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அவர் அப்படி வாய்மூடி வந்து அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

பூங்காவைப் பற்றிய கூட்டம் அதற்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சுவரில் எங்கள் படங்களை ஒட்டியிருந்தார்கள். என் ஊஞ்சல் முதல் வரிசையில் இருந்தது. நுவரெலியாவிலிருந்து வேனில் வந்திருந்த அதிகாரிகளில், திட்டத்தை வரைந்தவர் ஒரு சிங்கள மிஸ். வயது குறைவுதான். காலையிலிருந்தே டவுனில் நின்று அந்த நிலத்தை அளந்துகொண்டிருந்தாராம், செருப்பெல்லாம் சேறு. அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது. அதனால் டீக்கடை நானாவைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நானாவுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு.

அதிகாரிகளுக்கு நானா கடையிலிருந்தே பால் டீ வந்திருந்தது. மற்றவர்கள் குடித்து முடித்துவிட்டார்கள். மிஸ்ஸின் கப் மட்டும் தொடாமல் அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் விரதம் போலிருக்கிறது, சிங்களவர்களுக்கும் இது உண்டா என்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மிஸ் சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, நானா தமிழில் சொன்னார். இங்கே பூச்செடிகள், இங்கே உட்கார பெஞ்சு, இங்கே ஆற்றோரமாக நீளமாக ஒரு நடைபாதை. காலையிலும் மாலையிலும் உடம்பு நன்றாக இருப்பதற்காக நடக்கலாம் என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"நடக்கிறதுக்குன்னு தனியா எடம் வேணுமாக்கும்! நம்ம மலைக்கு அனுப்பி வைங்க நானா, கூடையும் சேத்துத் தர்றோம்" என்றார் பின்னால் இருந்த ஒருவர். மிஸ்ஸும் விளங்கிக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும். ஒரே ஒரு நாள் விரதத்துக்கு இரண்டு ஊஞ்சல்! இன்னும் ஏதாவது வேண்டுமா, யாராவது சொல்லுங்கள் என்று நானா கேட்டார். அப்போது என் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தார்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணுங்க."

ஆண்கள் பக்கத்தில் பாதிப் பேர் கூரைத் தகரத்தை ஆராயத் தொடங்கினார்கள். அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார். என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்து, "ஒக்காருங்க அத்தை, ஒக்காருங்க" என்று கெஞ்சினேன். நானாவுக்குக் காது சிவந்துவிட்டது. இருமினார், தொண்டையைச் செருமினார், பிறகு பெண்களுக்குக் கை கழுவ வசதி கேட்கிறார்கள் என்று சிங்களத்தில் நாசூக்காகச் சொன்னார். மிஸ் வரைபடத்தில் ஒரு தண்ணீர்க் குழாயைக் காட்டினார்.

சந்தையில் சிங்கள வியாபாரிகளோடு பேரம் பேசியே வளர்ந்தவர் அத்தை. நானா சொன்னது அவருக்கு விளங்காமலா போகும்? "கை கழுவ இல்லீங்க நானா" என்றவர், மிஸ்ஸைப் பார்த்து, வேண்டியது எது என்பதைச் சிங்களத்திலேயே போட்டு உடைத்துவிட்டார். இப்போது மண்டபத்தில் விளங்காதவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. இரும்புக்கடைக்காரர் எழுந்து, "பார்க் வாசல்லயே கக்கூஸா? டவுனுக்கே அசிங்கமுங்க, நாறிப்போயிரும்" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு காதையும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். ஆகவே அத்தை அடுத்து என்ன சொன்னார் என்பது, நான் பெரியவளாகி ஹட்டனுக்கு டியூஷன் போகத் தொடங்கிய பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மலையில நின்னா தேயிலை மறைச்சுக்கும். டவுன்ல எங்களுக்கு என்னங்க மறைப்பு? காலையில எறங்குனா சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு நிக்கிறோம். அதுக்குப் பயந்துக்கிட்டே தண்ணி குடிக்கிறதில்ல. அந்த நோவு எங்களோட போயிரும்னு நெனச்சேன். இப்ப இந்தப் புள்ளையும் ஆரம்பிச்சிருச்சுங்க."

எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கண் திறந்துதான் இருந்தது. நானா தலையைக் குனிந்தபடி மொழிபெயர்த்தார். மிஸ் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆடை படிந்த தன் டீக் கப்பைப் பார்த்தார். அதை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளி வைத்தார். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு வரைபடத்துக்குப் போய், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மூலையில் என் ஊஞ்சல்களின் மேல் ஒரு கோடு போட்டு, அங்கே ஒரு கட்டம் வரைந்தார். தண்ணீர்க் குழாய் போடவும் குழி வெட்டவும் தோதான மூலை அது ஒன்றுதானாம். மற்ற மூலையில் ஆறு கரையை அரித்துக்கொண்டிருந்தது. அங்கே பிள்ளைகளை விட முடியாது. ஊஞ்சல் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

திரும்பும் வழியில் அப்பா, "ஏன்க்கா, அத்தன பேருக்கு முன்னாலயா?" என்று கேட்டார். "அத்தன பேருக்கு முன்னால சொன்னாத்தாண்டா போடுவாங்க" என்றார் அத்தை. நான் இருவரோடும் பேசவில்லை. எனக்குக் கோபம் அத்தைமேல் பாதி, சாமிமேல் பாதி. தலைவலியோடு விரதம் இருந்து ஊஞ்சல் கேட்டால் கக்கூஸ் கொடுக்கிற சாமியை என்னவென்று சொல்வது?

அதுவும் லேசில் வரவில்லை. நிலத்தைத் துப்புரவாக்கினார்கள், மழை வந்தது. கல் கொண்டுவந்து இறக்கினார்கள், மறுபடியும் மழை வந்தது. மாதாமாதம் பஸ் வளைவில் திரும்பும்போது அத்தை கழுத்தை நீட்டிப் பார்ப்பார். சுவர் எழும்பியிருக்கிறதா, கூரை போட்டாயிற்றா? சொன்னதெல்லாம் செய்துவிடுவார்களா என்று லயத்தில் சிலர் கேலி பேசினார்கள். அத்தைக்கு உள்ளூரப் பயம்தான். இடையில் இன்னும் ஒருமுறை படுத்து எழுந்தார்.

ஒருவழியாகத் திறப்பு விழா வந்தது. எங்கள் லயமே இறங்கியது. வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு வைத்து, பெரியவர்கள் நடைபாதைக்கு ரிப்பன் வெட்டினார்கள். மூலையில் இருந்த சின்னக் கட்டடத்துக்கு யாரும் ரிப்பன் கட்டவில்லை. அதன் கதவில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டுத்தான் தொங்கியது.

அத்தை பூட்டைத் தொட்டுப் பார்த்தார். கூடவே வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதானே பாத்தேன்" என்றார் ஒருவர் மெல்ல. அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து அந்த மிஸ் வேகமாக வந்தார். பூட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அங்கே இங்கே ஆளனுப்பிக் கடைசியில் காவல்காரரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பெரியவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை சுத்தமாக இருக்கட்டும் என்று பூட்டிவைத்தாராம். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கதவு திறந்தது. அத்தை உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெளியே கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வரிசையின் கடைசியில் மிஸ்ஸும் நின்றார்.

அன்று மத்தியானம் நானா கடையில் ஒரு அதிசயம் நடந்தது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய கப்பில் பால் டீ கொண்டுவரச் சொன்னார். அம்மாவும் சொன்னார். எதிர்ப் பெஞ்சில் மிஸ். டவுனுக்கு நடுவில், பட்டப்பகலில், மூன்று பேரும் ஊதி ஊதிக் குடித்தார்கள். அத்தை ஒரு கப்பை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மிஸ்ஸும் கேட்டார். நானா இரண்டாவது கப்பை யாரிடமும் காசு கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்.

"அத்தை, விரதம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"என்னா விரதம்?"

"அதான், டவுன் விரதம். டவுனுக்கு வந்தா நீங்கள்லாம் தண்ணி குடிக்காம இருப்பீங்களே. நான்கூட ஊஞ்சலுக்காக ஒரு நாள் இருந்தேனே."

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயிலிருந்த டீ மூக்கில் ஏறியது. நானா மிஸ்ஸுக்குச் சொன்னதும் அவர் கப்பை மேசையில் வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை சிரிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் இருத்தி, தன் கப்பை என் வாயருகே வைத்தார்.

"முடிஞ்சிருச்சுடி. நீ இத இனிமே இருக்கவே வேணாம். ஒனக்கு இது கெடையாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாரும் வருஷக்கணக்காக இருந்த விரதம். ஊஞ்சலும் இல்லாமல் போய், எனக்கு மட்டும் அதுவும் கிடையாதாம். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அடுத்த மாதம் அத்தைக்குத் தெரியாமல் இருந்துவிட வேண்டும் என்று அவர் மடியிலேயே முடிவு செய்துகொண்டேன்.