மாப்பிள்ளையும் மூன்று கார் படங்களும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். எனக்கென்று கல்முனைக்குடியில் வாப்பா கட்டிய வீட்டுக்கு என் கணவர் வந்தபோது கொண்டுவந்தவை: இரண்டு சூட்கேஸ், ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி, கக்கத்தில் இடுக்கியபடி ஒரு நீளமான மட்டைக் குழாய். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பவள் நான். வந்திறங்கும் சாமான்களை மனதில் வரிசைப்படுத்துவது என்னை அறியாமலே நடந்துவிடும். அந்தக் குழாயை மட்டும் எந்த வகையில் சேர்ப்பதென்று தெரியவில்லை.

உள்ளே மூன்று பழைய கார் பந்தய விளம்பரங்கள் இருந்தன. முதலாவதில், சக்கரங்களெல்லாம் வெளியே தெரிய, சுருட்டுப் போல நீண்ட ஒரு சிவப்புக் கார். இரண்டாவதில், கடலோர மலைப் பாதையில் வளைவெடுக்கும் ஒரு நீலக் கார். மூன்றாவதில் காரே இல்லை. தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் போட்ட ஓட்டுநர் ஒருவர் மட்டும் எங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் டோஹாவில் வேலை செய்த காலத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவையாம். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர். அவருடைய கட்டிலுக்கு மேலிருந்த சுவர்த் துண்டு மட்டும்தான் அவருக்குச் சொந்தம். அதில்தான் இவை மூன்றும் வருடக்கணக்காகத் தொங்கியிருக்கின்றன. இதனால் அவரை வேகப் பிரியர் என்று நினைத்துவிடக் கூடாது. இப்போது இறக்காமத்தில் ஓர் அரிசி ஆலையில் களஞ்சியம் பார்க்கிறார். அந்த வீதியில் யானை குறுக்கே நின்றால், இவருடைய மோட்டார் சைக்கிள் வந்து சேருவதற்குள் அது அலுத்துப்போய்க் காட்டுக்குள் திரும்பியிருக்கும்.

படங்களை ஹோலில் விரித்து வைத்திருந்தபோது முதலில் பார்த்தவர் சாச்சி. உம்மாவின் தங்கை. சிவப்புக் காரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவித் தேடினார்.

“இதுல திகதி எங்க இரிக்கி?”

“இது கலண்டர் இல்ல சாச்சி.”

“அப்ப என்னத்துக்கு மாட்டுற?”

சாச்சி பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

பிறகு உம்மா வந்தார். உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். உம்மா அங்கே போவது படுக்க மட்டும்தான். மூன்றாவது படத்தின் முன்னால் நின்றார்.

“மகன், மனிசன்ட முகம் இரிக்கே. தொழுற ஊட்டுல உருவப்படம் கூடாதே.”

“மாமி, கண்ணே தெரியல்லயே. கண்ணாடி மூடியிரிக்கி.”

“மூக்குத் தெரியிது.”

என் கணவர் மூன்றாவதை ஓரமாக நகர்த்தினார். மற்ற இரண்டையும் மாட்டலாமா என்று கேட்பதற்குள் உம்மா சுவர்களைக் காட்டத் தொடங்கிவிட்டார். ஒன்றில் ஆயத்துல் குர்ஸி வசனம், ஒன்றில் மணிக்கூடு, ஒன்றில் சில்லறைக் கடைக் கலண்டர். நான்காவதில் ஆணியடித்தால் புதுப் பெயின்ட் பாழ்.

என் கணவர் படங்களைச் சுருட்டிக் குழாயில் போட்டார். அறைக்குள் வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“இந்த ஊட்டுல எனக்கெண்டு ஒரு செவரு இரிக்கா?”

ஓம் என்று சொன்னேன். எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், படங்களைச் சாய்ந்தமருதிலுள்ள தன் உம்மா வீட்டில் மாட்டிவிட்டு வருகிறேன் என்றார். “அங்க என்ட பழைய அறை சும்மாதானே கிடக்கு. நினைச்ச நேரம் போய்ப் பாக்கலாம்.” கூடவே, கட்டாருக்குப் புறப்படும் தம்பிக்குக் கொடுப்பதற்காக ஒரு சூட்கேஸையும் பின்னால் கட்டினார். முதுகில் குழாய், பின்னால் பெட்டி, பிரதான வீதி, அவருடைய வேகம். விரைவாகப் போயிருந்தால் பாதிப் பேராவது கவனித்திருக்க மாட்டார்கள். இவர் போன போக்கில் ஒவ்வொரு கடைக்காரரும் பார்த்து, யோசித்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டவும் நேரமிருந்தது.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை ஒருவர் பெட்டியோடு தாய் வீட்டுப் பக்கம் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

முதல் அழைப்பு சாச்சியிடமிருந்து வந்தது. “புள்ள, என்ன கா நடந்த? மாப்புள பெட்டியும் கையுமாப் போறாராம்!”

“தம்பிக்குப் பெட்டி குடுக்கப் போறார், சாச்சி.”

“ஓம் ஓம், நீ அப்பிடித்தான் சொல்லுவ. அழு புள்ள, அடக்கி வெக்காத.”

நான் அழவில்லை. கோழிக்கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அந்தக் கண்ணீரையும் சாச்சி பார்க்க வழியில்லை. உம்மாவுக்கு விசயம் பின்வேலியால் வந்துவிட்டது. “இவ ஒண்டும் நடக்காத மாதிரி கறி ஆக்கிக்கிட்டு நிக்கிறா, எனக்கு அதுதான் பயமா இரிக்கி” என்று வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவருக்கு அழைத்தேன். ஜும்ஆவுக்காகத் தொலைபேசியை அணைத்தவர், தொழுகை முடிந்து தாயின் கையால் வயிறாரச் சாப்பிட்டு, அதைத் திரும்பப் போடாமலே தூங்கிப்போயிருக்கிறார்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு உம்மாவின் மூத்த சகோதரரான காக்கா, என் பெரிய மாமா, சமாதானம் பேச வந்து அமர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஓட்டோவொன்று வாசலில் நின்றது. என் மாமியார் அழுதபடி இறங்கினார். அவருக்கும் யாரோ அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கையில் மகன், மறு கையில் குழாய். மகனுடைய கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.

“தம்பி, நம்மட ஊட்டுல என்ன குறை? மறைக்காமச் சொல்லுங்க” என்றார் மாமா.

“குறை ஒண்டும் இல்ல மாமா.”

“அப்ப என்னத்துக்குப் போன?”

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

“இதுகள மாட்ட ஒரு செவரு இல்ல. அதான்.”

மாமா நான்கு சுவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார். “ஊட்டக் குடுத்திரிக்கிறீங்க. செவரக் குடுக்கல்லயா கா?”

உம்மா எழுந்தே விட்டார். “எந்தச் செவரு வேணும் மகன்? மணிக்கூட்டக் கழட்டட்டா? அந்தக் கலண்டர் போன வருசத்துப் பழசு!”

அது இந்த வருடக் கலண்டர்தான்.

“அதென்ன படம்?” என்று கேட்டார் மாமியார், மூக்கை உறிஞ்சியபடி.

“நல்ல படம் மச்சி, கார். கண்ணுக்குக் குளிர்ச்சி” என்றார் உம்மா.

என் கணவர் குழாயைத் திறந்து, ஓட்டுநரை மட்டும் திரும்பச் சுருட்டினார். “இவர் அலுமாரிக்குள்ள இரிக்கட்டும். தொழுற ஊடு, மாமி சொன்னது சரிதான்.” உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு எதிரே, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி, புதுப் பெயின்ட் சுவரையே காட்டினார். ஊருக்கு அவர் சொல்ல விரும்பிய பதில் அது.

துளை போடும் மெசினை வழமைபோல நான் கையிலெடுத்தேன். “இஞ்ச தாங்க, நான் அடிக்கிறன்” என்றார் அவர். வாழ்நாளில் துளைத்ததில்லை. பெயின்ட் உரிந்தது, தூள் கொட்டியது. உம்மா கண்ணை மூடிக்கொண்டார். நீலக் கார் ஒருவழியாகச் சுவரேறியது, இடப்பக்கம் ஒரு விரல் தாழ.

“சரிஞ்சிரிக்கே?” என்றார் சாச்சி. எப்போது வந்தாரென்று யாருக்கும் தெரியாது.

“வளைவுல போற கார் சரியாமப் போகுமா?” என்றார் மாமா.

என் கணவர் வாசல் வரை பின்னால் நடந்துபோய், நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். தலையெல்லாம் சீமெந்துத் தூள்.

“எப்பிடி?” என்று என்னிடம் கேட்டார்.

“சிவப்புக் கார எங்க மாட்டப் போறீங்க?” என்றேன்.