நான்காவது முகவரி

சஞ்சீவனி அக்காவுக்கு யாரிடமும் உதவி கேட்கப் பிடிக்காது. திகனயில் எங்கள் பக்கத்து வீடுதான். கணவர் தனபாலன் கட்டாரில் வேலை செய்கிறார். அக்கா பல்லேகலயில் கார்மென்ட்ஸுக்குப் போகிறார். வேலை, வீடு, பத்து வயது மகள், வெள்ளிக்கிழமை கோவில். இதைத் தாண்டி அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு மதியம் வேலியோரம் வந்து நின்றார். "கணேஸ் தம்பி, மாசம் பாதியிலேயே டேட்டா முடிஞ்சிருது. யாரோ நம்ம வைஃபையத் திருடுறாங்க போல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நான் ஃபோன் திருத்துகிறவன். அக்காவின் ஃபோனிலேயே ரவுட்டரின் பட்டியலைத் திறந்து காட்டினேன். வீட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி முகவரி கொடுக்கும். 192.168.1 என்பது எல்லாவற்றுக்கும் பொது. கடைசி எண் மட்டும் வேறு வேறு. அக்கா விரல் விட்டு எண்ணினார். தன் ஃபோன், மகளின் டெப், டீவி. மூன்றுதான். பட்டியலில் நான்கு இருந்தன. நான்காவதன் கடைசி எண் 12, பெயர் எதுவும் இல்லை.

வெளியே கள்ளனைத் தேடுமுன் வீட்டுக்குள் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக அணைத்தேன். டீவியின் எண் போயிற்று. டெப்பின் எண்ணும் போயிற்று. 12 அசையவில்லை. கடைசியில் ஹோலில் அலுமாரி மேலிருந்த மணிக்கூட்டின் வயரைப் பிடுங்கியதும் அதுவும் காணாமல் போயிற்று.

போன விடுமுறைக்கு வந்தபோது தனபாலன் கொண்டுவந்தது அது. வெளிநாட்டுச் சாமான் வந்தால் சாமிப்படத்தின் முன் வைத்துச் சந்தனப் பொட்டு இடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பக்கம் பொட்டு வைத்தால் கறை பிடிக்கும் என்று அவர் தடுத்தாராம். அக்கா பின்பக்கம் இட்ட சந்தனம் காய்ந்து கிடந்தது. முன்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்களுக்கு நடுவில் மிளகளவு கமெரா.

"மணிக்கூட்டுக்கு எதுக்கு தம்பி இன்டர்நெட்?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தபோதே ஃபோன் அடித்தது. தனபாலன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"கரண்ட் போயிருச்சா?"

"இல்லைங்களே."

"அப்ப கணேஸ் எதுக்கு வந்திருக்கான்?"

நான் வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. டேட்டா பார்க்க வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சனியனைத் தரையில் அடித்திருப்பேன்.

"ஃபோன்லயே ஒரு தட்டுத் தட்டினா அந்த முகவரிய அடைச்சிரலாம் அக்கா."

"வேணாம் தம்பி. அடைச்சா நான் எதையோ மறைக்கிறேன்னு ஆயிரும்."

அவரே வயரைச் செருகினார். பட்டியலில் 12 மறுபடி வந்தது.

எட்டு மாதமாகிறது. நான் இப்போது அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. ஏறினால் அக்காவுக்குத்தான் கெட்ட பெயர். என் தங்கச்சி போய்வருகிறாள். அக்கா சாப்பிடுவதும் மகளுக்குப் பாடம் சொல்வதும் சமையலறையில்தானாம். ஹோலுக்கு வரவேண்டியிருந்தால், தெருவில் இறங்குகிறவரைப் போல உடுப்பைச் சரிசெய்துகொண்டு வருகிறாராம்.