பெரியப்பா நின்றுகொண்டு கேட்ட பேச்சு

என் பெரியப்பாவுக்குத் தூக்கம் வராத ஒரே இடம் அவருடைய கட்டில்தான். மற்றபடி யாராவது மைக்கைப் பிடித்து "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தால் போதும், மனிதர் போய்விடுவார்.

எல்லாம் அவர் பார்த்த வேலையால் வந்தது. அவர் கோர்ட்டில் டவாலி. தோளில் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, கேஸ்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவாரே, அவர்தான். ஆளை உள்ளே விட்டபிறகு கதவோரம் அவருக்கு ஒரு ஸ்டூல் உண்டு. முதுகு நிமிர்ந்து, கண் பாதி திறந்து, வக்கீல்கள் வாதாட வாதாட அந்த ஸ்டூலில் அவர் தூங்கியது ராஜ தூக்கம். பேச்சு நின்றால் மட்டும் டக்கென்று முழிப்பு வந்துவிடும். பேச்சு நின்றால் ஜட்ஜ் கூப்பிடப் போகிறார் என்று அர்த்தம். அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. "இவரை மாதிரி கவனமா கேக்கற ஆளை நான் பார்த்ததில்ல" என்று பிரிவு உபசார விழாவில் ஒரு ஜட்ஜ் மனமுருகிப் பேசினார். பெரியப்பா அப்போதும் தூக்கத்தில்தான் இருந்தார்.

ஓய்வு பெற்றதும் வந்தது வினை. வீட்டில் வாதமும் இல்லை, எதிர்வாதமும் இல்லை. கட்டிலில் கிடந்து புரளுவார். பெரியம்மாவிடம், "எதையாவது பேசேன்" என்பார். பெரியம்மா மருந்துக் கடையில் பில் போட்டு ஓய்வு பெற்றவர், அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆசையாக ஆரம்பிப்பார். இரண்டாவது வாக்கியத்தில் குறட்டை பதில் சொல்லும்.

ஒரு பொழுதுபோக்கு இருந்தால் சரியாகிவிடும் என்று அக்கா, அதாவது அவர்கள் மூத்த மகள், வாட்டர் கலர் பெட்டி வாங்கி வந்தாள். பெரியப்பா ஒரு கதவும் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் வரைந்தார். அடுத்த படத்திலும் கதவு, ஸ்டூல். செஸ் போர்டு வந்தது. "இதுல யாருமே பேச மாட்டேங்கறாங்கப்பா" என்று ஒதுக்கிவிட்டார். அடுத்து வந்த தொட்டிச் செடி வாடி, தானாகவே ஒதுங்கிக்கொண்டது.

கடைசியில் அவரே தனக்கொரு பொழுதுபோக்கைக் கண்டுபிடித்தார். கூட்டத்துக்குப் போவது. குடியிருப்போர் சங்கம், புத்தக வெளியீடு, பல் பாதுகாப்பு என்று எதுவாக இருந்தாலும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்து விமர்சனம் வேறு.

"அந்தப் பல் டாக்டர் என்னமா பேசினார் தெரியுமா."

"என்ன பேசினார் பெரியப்பா?"

"அதெல்லாம் தெரியாது. நடுவுல ஒரு தடவைகூட முழிக்கல."

இப்படி இருக்கும்போதுதான் ஓய்வு பெற்றோர் சங்கச் செயலாளர் பெரியம்மாவைப் பேசக் கூப்பிட்டார். தலைப்பு: முதுமையில் நல்ல தூக்கம்.

பெரியம்மா பத்திரிகைகளை வெட்டி, ஒட்டி, தாள் தாளாக எழுதினார். சமையலறையில் மத்தை மைக்காகப் பிடித்துப் பேசிப் பார்த்தார். கூட்டத்துக்கு முதல் நாள் பெரியப்பா முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க, ஊர்ல இருக்கறவன் பேச்செல்லாம் போய் உக்காந்து கேக்கறீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பேசினது எதையாவது முழுசா கேட்டிருக்கீங்களா?"

"ஏன், கேக்காமயா இத்தன வருஷம் குடும்பம் நடந்துச்சு?"

"நான் பேசினேன். நீங்க 'ம்' போட்டீங்க. அப்படித்தான் நடந்துச்சு. நாளைக்கு ஒரு நாள் முழிச்சிருந்து கேளுங்க. தூங்கினீங்க, அப்புறம் உங்ககிட்ட நான் எதையுமே சொல்லப் போறதில்ல."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மறுநாள் மதியமே இரண்டு காபி குடித்தார். மெல்லுவதற்குப் பாக்கெட் நிறைய மிளகு. கிள்ளுவதற்கு நான் பக்கத்து நாற்காலியில். ஆனால் முதலில் பேச எழுந்தவர் செயலாளர். அந்த மனிதர் சங்கம் பிறந்த கதையிலிருந்து தொடங்கினார். நான் தொடையில் கிள்ளினேன். பெரியப்பா கொசுவைத் தட்டுவதுபோல என் கையைத் தட்டிவிட்டு, முதுகு நிமிர்ந்து, நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

பெரியம்மா மேடையேறினார். முதலில் பெரியப்பாவைத்தான் பார்த்தார். பாதி திறந்த அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதா? தாளைப் பிரித்தார், வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. ஹாலில் ஃபேன் சத்தம்தான் கேட்டது.

அந்த அமைதியில் பெரியப்பா விழித்துக்கொண்டார்.

விழித்தார் என்றா சொன்னேன்? பாதிதான். எழுந்து விறைப்பாக நடந்து மேடையேறி, சங்கத் தலைவர் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கேட்காமலேயே எடுத்து, பெரியம்மாவிடம் நீட்டினார். கூண்டில் நின்று நடுங்கிய எத்தனையோ சாட்சிகளுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. தண்ணி குடிங்க. நடந்ததை நடந்தபடி சொன்னா போதும்."

பெரியம்மா அவரையே பார்த்தார். ஒரு மடக்குக் குடித்தார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"நடந்ததையா?"

"ஆமாம்மா."

"சரி. இவர்தான் என் வீட்டுக்காரர்."

சிரிப்பு அடங்கவே நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு பெரியம்மா பேசினார் பாருங்கள், இப்போது இதை எழுதும்போதுகூட வரிக்கு வரி காதில் கேட்கிறது. "பெரியவ பொறக்கற அன்னிக்கு வலி வந்துடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், இவர் 'ம்' கொட்டிட்டே தூங்கறார். வலி தாங்காம பேச்ச நிறுத்தினேன். உடனே எழுந்துட்டார்." ஹால் குலுங்கியது. "மருந்துக் கடையில வேலை கிடைச்சதை ஓடி வந்து சொன்னேன். 'ம்'னார். மறுநாள் டிபன் பாக்ஸோட கெளம்பினா, எங்க போறன்னு கேக்கறார்." மறுபடி சிரிப்பு. பெரியம்மா சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷமா வந்தேன் தெரியுமா. தூக்கம் ரொம்ப நல்லதுதாங்க. பக்கத்துல இருக்கறவங்க சொல்ல வந்ததைக் கேட்டு முடிச்சிட்டுத் தூங்கினா, இன்னும் நல்லது."



பெரியப்பா? டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சாட்சி பேசி முடிக்கும்வரை கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பது அவர் வேலை. ஸ்டூலில்தான் தூக்கம், நின்றால் டியூட்டி. கொட்டாவிகூட விடவில்லை. காது மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே வந்தது.

வீடு திரும்பும் வழியில் பெரியம்மா நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு இடத்துல பொய் சொன்ன."

பெரியம்மா நின்றுவிட்டார். "எந்த ரெண்டு?"

"நீ பேச்ச நிறுத்தினதால நான் எழுந்திரிக்கல. தலையில ஒரு தட்டு தட்டின. அப்புறம், அது டிபன் பாக்ஸ் இல்ல, நீலப் பை."

கோபம் வரும் என்று நினைத்தேன். பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "குறுக்கு விசாரணையெல்லாம் வீட்ல வச்சுக்கலாம், வாங்க" என்று அவர் கையைப் பிடித்து நடந்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு வழக்கம். முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரியம்மா, "என்னங்க, கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்பார். பெரியப்பா ஃபிரிட்ஜ் பக்கத்தில் கைகட்டி நின்று, கடைசி வார்த்தைவரை கேட்பார். முடிந்ததும், "அவ்ளோதான். போய்ப் படுங்க" என்பார் பெரியம்மா. பெரியப்பா கட்டிலில் படுத்துக்கொள்வார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாடித் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவவில்லை என்று விலாவாரியாக ஆரம்பிப்பார்.

குறட்டை வந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டுதான் இருப்பார். சட்டென்று நிறுத்தினால் மனிதர் எழுந்துவிடுவாரே.