மூன்று தரம் கேட்கலாம்

ராசாமணிக்கு மார்பில் கட்டி. புற்றுதான் என்று சொன்ன டாக்டர், உடனே ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கத்தி என்றதும் அவள் புருஷன் மாரப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வியாபாரிகளை ஒரு கை பார்க்கிற மனுஷன், வீடு வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

சேந்தமங்கலத்தில் ரமீஸ் என்பவர் புதிதாக இன்டர்நெட் கடை போட்டிருந்தார். எதைக் கேட்டாலும் பதில் வருமாம். மாரப்பன் மலையிறங்கிப் போய், கத்தி வைக்காமல் குணமாகுமா என்று கேட்டான்.

"ஆபரேஷன் பண்ணோணும்னுதாங்க போட்டிருக்குது. தள்ளிப் போடாதீங்கண்ணா" என்றார் ரமீஸ்.

மலையில் அம்மனிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் தலைக்குக் குளித்துவிட்டு மறுபடி கேட்கலாம், மூன்று தரம் வரை. பாவி மனுஷன், கம்ப்யூட்டரையும் அப்படியே நினைத்துவிட்டான்! அடுத்த வாரம் குளித்து, ஈர வேட்டியோடு பஸ் ஏறினான். அதே பதில்தான். மூன்றாம் தரம், "நல்லாத் தேடிப் பாரு சாமி" என்று அழுதான். ரமீஸுக்கும் மனசு கேட்கவில்லை, தோண்டித் தோண்டிப் பார்த்தார்.

"கசாயத்துல கட்டி கரையும்னு ஒருத்தர் எழுதியிருக்காருங்க. ஆனா நம்பறதுக்கில்லீங்க."

பின்பாதி மாரப்பன் காதில் ஏறவேயில்லை. வெள்ளைப் பூ வந்துவிட்டதே!

அவன் காய்ச்சிக் கொடுத்த கசாயத்தை ராசாமணியும் மாதக்கணக்கில் குடித்தாள். அவளுக்கும் கத்தி என்றால் பயம்தான். கட்டி கரையவில்லை, புண்ணாகி உடைந்தது. திரும்பப் போனபோது டாக்டர் கத்து கத்தென்று கத்தினார். இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார்.

வழியெல்லாம் அவள் வயிறெரிந்து திட்டினாள். "அதென்ன சாமியா, திருப்பித் திருப்பிக் கேட்டா மனசு மாறறதுக்கு? என்னையக் கொன்னுட்டியே!" சேந்தமங்கலத்தில் பஸ் மாறும்போது மாரப்பனை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, விசாரித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"நான் மாரப்பன் சம்சாரமுங்க. எம்மவ பூபதி ஆறாவது படிக்கறா. அவ பெரிய மனுசியாகற வரைக்குமாச்சும் இருப்பனான்னு கேட்டுச் சொல்லு, கண்ணு."

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து ரமீஸ் தட்டினார். படித்தார். முகம் செத்துப்போனது.

"நெட்டு கட்டாயிருச்சுங்கக்கா."

திரை நிறைய எழுத்து அப்படியே நின்றது. ராசாமணி அதைப் பார்த்தாள். அவருடைய முகத்தையும் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் தலைக்குக் குளிக்காம வந்துட்டன் சாமி. நாளைக்குக் குளிச்சுட்டு வாரேன். மறுக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா?"