இறக்கைக்குள் உமி

பூதலூரில் சுடர்விழியைத் தெருக்காரர்கள் ‘ஏரோபிளேன் டெய்லர்’ என்பார்கள். விமானத்தில் துணி இருக்கும் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. மகள் சீட்டுக்கு உறை தைக்கிறாள் என்றுதான் அவர் அம்மா ராமாயியே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். சில சின்ன விமானங்களில் இறக்கைக்குள் வெறும் சட்டங்கள்தான் இருக்கும், அவற்றின் மேல் இழுத்துத் தைத்து வண்ணம் பூசிய துணிதான் காற்றைத் தாங்குகிறது என்று ஒருநாள் சுடர்விழி விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராமாயி, “கிழிஞ்சா?” என்றார்.

“கிழியாதான்னு பாக்கத்தான் எனக்குச் சம்பளம்.”

சுடர்விழிக்கு முப்பத்து நான்கு வயது. சென்னையில் விமானப் பராமரிப்பு படித்தவர். திருச்சியில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. விமானம் பறக்கலாம் என்று தன் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவரைத் தனியாகப் பேராவூரணிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஜெக்கரியாவின் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு மண் ஓடுபாதையும் தகர ஷெட்டும் இருந்தன. ஷெட்டுக்குள் தாழ்ந்த இறக்கை வைத்த பழைய விமானம், இரண்டு பேர் உட்காரலாம். இருபத்திரண்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஜெக்கரியா, மகள் ஆசியா பைலட் லைசென்ஸ் வாங்கியதும் அவளுக்காக அதை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சொந்த மண்ணிலிருந்து அவள் முதல்முறையாகப் பறப்பதாக ஏற்பாடு. சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சுடர்விழி துணியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

அவர் எப்போதும் கீழேயிருந்துதான் ஆரம்பிப்பார். அட்டையை விரித்து இறக்கைக்கு அடியில் படுத்தார். விரலால் தட்டினார், உள்ளங்கையால் தடவினார். பிறகு ஸ்பிரிங் கருவியைத் துணியில் வைத்து அழுத்தினார். துணி எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று அது எண்ணில் காட்டும். வெயில் படும் மேல்பக்கத்தில்கூட எல்லா எண்ணும் தேவைக்கு மேலேயே இருந்தது. கூடவே நடந்த ஜெக்கரியா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, பிரியாணிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார் சுடர்விழி.

இறக்கையின் பின் ஓரத்தில், உள்ளே சேரும் ஈரம் வடிய, வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. அவற்றில் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார். இடது இறக்கையின் நான்காவது துளையிலிருந்து அவர் கன்னத்தில் ஏதோ உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் நாலைந்து உமி. கூடவே நகக்கண் அளவு நூல்.

“ஷெட்ல நெல் போட்டிருந்தீங்களா பாய்?”

“இது விமான ஷெட்டும்மா. குடோன் இல்ல.”

பழைய உமியாக இருந்தால் கறுத்திருக்கும். இது மஞ்சளாக, இந்தச் சம்பா அறுவடையின் உமியாக இருந்தது. ஜெக்கரியாவின் தோப்பையும் வயலையும் பார்த்துக்கொள்ளும் கண்ணுசாமி, கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தின் உச்சியை ரொம்ப அக்கறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் துணுக்கை சுடர்விழி விரலில் உருட்டிப் பார்த்தார். மெழுகு பிடித்திருந்தது. துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கும் நூல் அது. கருவி துணியின் வலுவைத்தான் சொல்லும், தையல் போனது அதற்குத் தெரியாது. தையல் இல்லாவிட்டால் வானத்தில் மேல்துணி உப்பிச் சட்டத்தை விட்டு எழும்பிவிடும். துணி கிழியாமலே விமானம் விழும்.

இறக்கையின் அடியில் உள்ளே பார்ப்பதற்கென்று இருந்த வட்ட மூடியைத் திறந்து டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பார்த்தார். அந்த இடம் வரை எட்டவில்லை. அடித்துணியை அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எண்ணெல்லாம் பாஸ், நாலு உமிக்காக நல்ல துணியை அறுப்பதா என்றார் ஜெக்கரியா. போன வருடம் வந்தவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் டீ குடித்துவிட்டுப் போனதையும் சொன்னார். பிறகு திருச்சி மேனேஜருக்கே போன் போட்டுச் சுடர்விழியிடம் கொடுத்தார். எண் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். சுடர்விழி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவரு வந்து போடட்டும் பாய். என் கையெழுத்து வேணும்னா அறுத்துப் பாத்துட்டுத்தான்.”

ஷெட் வாசலில் நின்றிருந்த ஆசியா பக்கத்தில் வந்தாள். “உள்ள ஒண்ணும் இல்லேன்னா அக்கா?”

“ஒட்டிக் குடுத்துட்டு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா பூசுனது காயணும். எப்படிப் பாத்தாலும் ஞாயித்துக்கிழமை கெடையாது.”

ஆசியா ஓடுபாதையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, “அறுங்க” என்றாள்.

மூன்று பக்கம் அறுத்து மடக்கியதும் உமியும் வைக்கோலும் தேங்காய் நாருமாக ஒரு எலிக்கூடு சரிந்து விழுந்தது. கூட்டுக்குள் மெழுகு நூல் பந்து பந்தாகக் கிடந்தது. வரிசையாக நான்கு சட்டங்களில் ஒரு தையல்கூட இல்லை. சுடர்விழி ஆசியாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டு, மேல்துணியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். துணி சட்டத்தை விட்டு இரண்டு விரல் அளவு எழும்பியது. ஆசியா கையை உடனே எடுக்கவில்லை.

ஜெக்கரியா குனிந்து பார்த்தார். பிறகு கண்ணுசாமியைக் கூப்பிட்டார்.

“தையில மழை புடிச்சுக்கிச்சு பாய். கொள்முதல்ல மூட்டைய எடுக்கல. நெல்லு நனையுது, இங்க எடம் சும்மா கெடந்துச்சு. நாலு நாளுதான் வச்சேன்.”

“யாரு நெல்லு?”

“நம்ம வயல் நெல்லுதான் பாய்.”

ஜெக்கரியா எலிக்கூட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

பறக்கத் தகுதி இல்லை என்று லாக் புக்கில் எழுதிவிட்டு, சுடர்விழி வலது இறக்கையையும் அறுத்துப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அதில் தையல் முழுசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த உறவினர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, தரையில் நின்ற விமானத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

தைத்து, நாடா ஒட்டி, பூசிக் காய்வதற்குப் பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலை, சுடர்விழி கையெழுத்துப் போட்டார். ஆசியா மண்ணில் முட்டி போட்டு ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்தாள். எதுவும் உதிரவில்லை.

“தைச்ச ஆளும் கூட ஏறட்டுமே,” என்றார் ஜெக்கரியா, பாதி விளையாட்டாக.

சுடர்விழி அதற்குள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். விமானம் தென்னைகளுக்கு மேலே ஏறும்வரை அவர் கண் இடது இறக்கையிலேயே இருந்தது. துணி எழும்பவில்லை.